எடை நிற்கும் இடம்

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முனகுகிறது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் குறை ஒன்றும் இல்லை. உன் இருமல் நின்றதா?

நீ கடைசியாக எழுதியது டிசம்பர் ஒன்பதாம் தேதி. இரண்டு பக்கம், பின்னால் நாலு வரி. அதற்கு முந்தினது அக்டோபர் இருபத்திரண்டு. அதில் நீங்கள் பட்டறையில் செய்த ஆள் ஏறாத சின்ன விமானம் சரியாக இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரியாக இறங்கவில்லை என்றால் எப்படி இறங்கியது என்று கேட்டேன். டிசம்பர் கடிதத்தில் குளிரைப் பற்றி எழுதினாய், புது வாடகை அறையைப் பற்றி எழுதினாய், ஜன்னல் கொக்கி உடைந்ததைக்கூட எழுதினாய். மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கேட்கத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை லாரி ஷெட் பக்கம் போனேன். நான் லோடு மேஸ்திரி வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள். என்னிடம் மூட்டை ஏற்றிய மொட்டை கேட்கிறான்: "என்ன மேஸ்திரி, உங்க பொண்ணு இன்னும் பொம்மைதான் செய்யுதா?" நான் எழுந்து வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, குளிரைப் பற்றி வேண்டாம்.

அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணியைக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்த விமானம் இறங்கவில்லை, விழுந்தது. எழும்பியதும் மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு வால் பக்கமாகச் சரிந்து பட்டறையில் பாகங்களை ஒட்டும் எங்கள் பசைக்காரர் தோளில் விழுந்தது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. கணக்கு என்னுடையது.

எந்த விமானத்துக்கும் எடை நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும். அது தேவைக்கு மேல் முன்னால் இருந்தால் மூக்குக் கனத்துக் குத்திக்கொண்டு போகும். பின்னால் போய்விட்டால் யாராலும் பிடிக்க முடியாது. லாரியில் பின்பாரம் ஏறினால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது என்பீர்களே, அதுதான்.

இப்போது மூன்று மீட்டர் இறக்கையில் புதிதாக ஒன்று செய்கிறோம். நில அளவை அலுவலகத்துக்கு, மேலிருந்து படம் எடுக்க. எடை இங்கேதான் நிற்க வேண்டும் என்று முதலாளி ஓர் இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். என் கணக்கு அதைவிட வேறு இடத்தைச் சொல்கிறது. சொன்னேன். "போன தடவை உன் கணக்கு. இந்தத் தடவை என் கணக்கு" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை. என் கணக்கை எனக்கே நம்ப முடியவில்லை என்பதுதான் நிஜம்.

இத்துடன் அதே உருவத்தைப் பத்தில் ஒரு பங்காக அட்டையில் வெட்டி அனுப்பியிருக்கிறேன். இதைப் போல் ஒன்றை நானும் பறக்கவிட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். மூக்கில் களிமண் ஒட்டி, மாடிப்படி மேலிருந்து மெல்ல விடுங்கள். மூக்கைத் தூக்கினால் களிமண்ணைக் கூட்டுங்கள், குத்திக்கொண்டு இறங்கினால் குறையுங்கள். நேராகப் போய்ப் படிந்து இறங்கும்போது, இரண்டு விரல் மேல் அதை நிறுத்துங்கள். மூக்கு நுனியிலிருந்து அந்த இடம் வரை ஒரு நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். என் புள்ளி எங்கே, முதலாளி கோடு எங்கே என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் விரல் அதைத் தேடிப் போகும்.

அட்டையை வளைக்க வேண்டாம், முக்கியமாக வாலை. வெளியாள் யாருக்கும் காட்டவும் வேண்டாம். இந்த உருவம் வெளியே போனால் ஆர்டரும் போகும், நானும் போவேன்.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

அனைவரும் நலம். ஒத்தடம் நடக்கிறது. பசைக்காரருக்கு இப்போது கை தூக்க வருகிறதா? அவருக்குக் குடும்பம் உண்டா?

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு வந்தது. தபால்காரர் சைக்கிளில் காற்று இல்லை, தள்ளிக்கொண்டு வந்தார். உறை பெரிதாக இருந்ததால் கையெழுத்து கேட்டார், நான் கட்டைவிரல் என்றேன், அண்ணி போட்டாள். உள்ளே இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் விமானம் இருந்தது. அண்ணி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

இருபதாம் தேதி காலை ஏழு மணிக்கு மாடிப்படி ஏறினேன். பதினான்கு படி. கீழே அண்ணன் பல் துலக்கிக்கொண்டு நின்றான். முதல் தடவை விட்டேன், குத்திக்கொண்டு போய் அவன் வாளியில் விழப் பார்த்தது. "அப்பா, வேலைக்குப் போற நேரத்துல வான்படைத் தாக்குதலா" என்றான். களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். ஆறாவது தடவைக்கு மேல் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. மொத்தம் இருபத்து மூன்று தடவை விட்டேன். பத்தொன்பதிலிருந்து இருபத்து மூன்று வரை ஐந்தும் நேராகப் போய், வாசல் கதவுக்கு ஒரு முழம் முன்னால் அழகாக உட்கார்ந்தன. நினைத்ததைவிடக் குறைவான களிமண்தான் வேண்டியிருந்தது. கடைசியில் மிளகளவு.

விரலில் நிறுத்தினேன். நூல் பிடித்தது நான், முடிச்சுப் போட்டது அண்ணி. சரிபார்த்தது இருவரும். நூல் இத்துடன்.

ஒன்றும் பயப்படாதே.

அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பசைக்காரருக்குக் கை தோள் வரை வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். என்னோடு பழையபடிதான் பேசுகிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நூல் வந்தது. வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். முடிச்சு முதலாளி கோட்டின் மேல் விழுந்தது. என் புள்ளிக்கு அது ஐந்து மில்லிமீட்டர் பின்னால். பெரிய விமானத்தில் ஐந்து சென்டிமீட்டர். அவருக்கு அந்த இடம்தான் பிடிக்கும், ஏனென்றால் என் புள்ளிக்குக் கொண்டுவர மூக்கில் ஈயம் வைக்க வேண்டும், ஈயம் வைத்தால் கேமராவைத் தூக்கச் சிரமப்படும்.

இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டாவது தடவையும் நான்தான் தப்பு என்று ஆகிறது.

மார்ச் 21 பறக்கவிடுகிறோம். மைதானத்து ஓரத்தில் பந்தல் போட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு உட்காருவார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அட்டை உங்களிடம் வந்தபோது வால் நேராகத்தானே இருந்தது?

உங்கள் மகள்


மார்ச் 13

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. மேல்மாடிக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரன் நாளை வருகிறேன் என்று சொல்லி நான்கு நாளை ஆகிவிட்டது. அண்ணன் புது செருப்பு வாங்கினான், கடிக்கிறது என்கிறான். எதிர் வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

அட்டை வந்தபோது வால் நேராகத்தான் இருந்தது.

சாப்பாட்டை விட்டுவிடாதே. இருபத்தொன்றாம் தேதி எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே.

அப்பா

(அண்ணி எழுதுவது: மாமா இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார். வழக்கமாக ஒரு தாள் போதாது. நீ அனுப்பின விமானத்தை அலமாரி மேல் வைத்திருந்தோம், வால் ஓரம் கீழே கொஞ்சம் தொங்கின மாதிரி இருந்தது. தேய்த்த துணிக்கு அடியில் வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றிவிட்டேன். பலகை மாதிரி நேராக வரும், கவலைப்படாதே.)


தந்தி, மார்ச் 18

நூலை நம்பாதே. வால் மடிந்திருந்தது. நிமிர்ந்த வாலோடு விழுகிறது. அப்பா


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும். தபால் ஆபீஸ் அம்மா மூன்று மணிக்குள் போய்விடும் என்றாள்.

பதினாறாம் தேதி அண்ணி இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். களிமண் அப்படியே ஒட்டியிருந்தது. சும்மா ஒரு தடவை விட்டுப் பார்ப்போம் என்று விட்டேன். மூக்கைத் தூக்கியது. நின்றது. வாலைக் கீழே போட்டுக்கொண்டு விழுந்தது. நீ எழுதினாயே, அதே மாதிரி. கை நடுங்கியிருக்கும் என்று இன்னொரு தடவை விட்டேன். பன்னிரண்டு தடவை விட்டேன், பதினொன்று விழுந்தது.

அப்புறம்தான் புரிந்தது. வால் ஓரம் கீழே மடிந்திருந்தால் காற்று வாலைத் தூக்கிவிடும், மூக்கு தானாகத் தணியும். அதனால்தான் மிளகளவு களிமண் போதும் என்று காட்டியது. உன் பெரிய விமானத்தில் வால் மடியாது, நேராக இருக்கும். அதில் என் முடிச்சு இருக்கும் இடத்தில் எடை நின்றால் விழத்தான் விழும்.

பதினாறாம் தேதி தெரிந்ததைப் பதினெட்டாம் தேதிதான் தந்தியாகக் கொடுத்தேன். நடுவில் இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஏன் என்று கேட்காதே. வால் எப்படி மடிந்தது என்றும் கேட்காதே. மடிந்தது.

களிமண்ணைக் கூட்டிப் புதிதாகப் பிடித்த நூல் இத்துடன். இது உன் கைக்கு வருவதற்குள் இருபத்தொன்றாம் தேதி போய்விடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

அப்பா


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

இருபத்தொன்றாம் தேதி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையைப் பார்க்கிறேன். நேற்று அவராகவே "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று சொல்லவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை. யார் மேல் விழுந்தது என்று மட்டும் எழுது.

அப்பா


ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

யார் மேலும் விழவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நானும் நலம்.

இருபத்தொன்று என்பது பதினேழு ஆனது. அதிகாரிகள் முன்னாலேயே வருகிறோம் என்றார்கள். உங்கள் தந்தி மறுநாள்தான் வந்தது. விமானம் அதற்குள் பறந்து, இறங்கி, துடைத்து, பெட்டிக்குள் போய்விட்டது.

பதினேழாம் தேதி காலை பட்டறையில் கடைசியாக அதை ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தோம். சிவப்புக் கோட்டில் அசையாமல் நின்றது. முதலாளி திருப்தியாகப் போனார். நான் உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது. பத்தொன்பதாம் தேதி பத்தேகாலுக்குத் தபால் வருகிறது. சைக்கிளில் காற்று இல்லை. அண்ணி இரண்டு தடவை வாசிக்கிறாள். பிறகு இருபதாம் தேதி காலை ஏழு மணி. அப்பா, நடுவில் ஒரு பகல் முழுக்க இல்லை. அண்ணன் பல் துலக்கியதைச் சொல்கிறவர் ஒரு பகலை விடமாட்டார். கையில் விமானம் வந்த பிறகு மறுநாள் காலை வரை தொடாமல் இருக்கிறவரும் இல்லை நீங்கள். வால் நேராக இருந்ததா என்று கேட்டதற்குப் பதில்கூட வரவில்லை அப்போது.

அந்தப் பகலில் அட்டைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றியது, அதனால் நூலை ஒதுக்கிவிட்டேன். இன்ஜின் மூடியைக் கழற்றி நானூறு கிராம் ஈயத்தை உள்ளே வைத்து, என் புள்ளிக்கே கொண்டுவந்தேன். முதலாளிக்குச் சொல்லவில்லை. நிமிர்ந்தால் பசைக்காரர் நிற்கிறார். சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். "நான் எதையும் பார்க்கலம்மா. பார்த்தா அப்புறம் சாட்சிக்குக் கை தூக்கச் சொல்லுவாங்க. எனக்கு எங்க தூக்க வருது" என்றார்.

பறந்தது. ஏறுவதற்குச் சிரமப்பட்டது, ஆனால் மைதானத்தை ஏழு சுற்று சுற்றி, படம் எடுத்து, புல்லில் வந்து நின்றது. பந்தலில் கை தட்டினார்கள். முதலாளி சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே, "பார்த்தியாம்மா, கோடு கோடுதான்" என்றார். நான் சிரித்தேன்.

இத்தனை நாள் எழுதாததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். இதே மாதிரி நான்கு விமானங்களுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நான்கிலும் முதலாளி சிவப்புக் கோடு போட்டுவிட்டார். அவற்றில் ஈயம் இருக்காது. சொன்னால் அவர் முதுகுக்குப் பின்னால் செய்ததாக என்னை வெளியே அனுப்புவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அட்டையே சொல்லிவிட்டது.

இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூச்சு வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அண்ணனும் அதையே சொன்னான், குறட்டையை வைத்து.

நீ பகல் இல்லை என்றாய். இதோ.

பத்தொன்பதாம் தேதி பதினொன்றரைக்கு அண்ணி குளிக்கப் போனாள். நான் அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மருந்துக்கடை பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு பத்துக்குப் பஸ் ஏறினேன், நிற்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒருவன் தகர டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த டப்பா என் நெஞ்சில் இடித்தது. ஷெட்டில் மொட்டை, அவன் மருமகன், பஞ்சர் ஒட்டுகிறவன், இன்னும் இரண்டு டிரைவர்கள். எடுத்துக் காட்டினேன். "என் பொண்ணு வரைஞ்சது. இதுல கேமரா ஏறும்" என்றேன். மொட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தனை மூட்டை ஏத்தலாம் மேஸ்திரி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கையிலிருந்து அதை விட அவனுக்கு மனம் வரவில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

திரும்பும்போதுதான் வால் ஓரம் கீழே மடிந்திருப்பதைப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, தொடையில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் தேய்த்தேன். நேராகிவிட்டது என்று என் கண் சொன்னது. ஆயிரம் கிலோவைக் கண்ணால் எடை போட்டவன், ஒரு தாள் மடிப்புக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். மருந்து எங்கே என்று அண்ணி கேட்டாள். கடை மூடியிருக்கிறது என்றேன்.

நீ காட்டாதே என்று சொன்னதைக் காட்டினேன். அதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் அந்த இரண்டு நாள் சும்மா இருந்தேன். இதை எழுதும்போது அண்ணி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, அன்னைக்கு நான் போய்ப் பார்த்தேன், கடை திறந்துதான் இருந்துச்சு" என்றாள். இத்தனை நாள் அவளும் சொல்லவில்லை.

அந்த நான்கு விமானங்களும் என்றைக்குப் பறக்கின்றன? தேதியை எழுது.

அப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

தேதி மே 5 என்று வைத்திருந்தார்கள். உங்கள் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. பதினெட்டாம் தேதி காலை முதலாளி அறைக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார், நின்றேன். மார்ச்சில் பறந்த விமானத்தின் மூடிக்குள் ஈயம் இருக்கிறது, வைத்தது நான் என்றேன். மேசையிலிருந்த பேனாவை எடுத்தார்.

"எவ்வளவு?"

"நானூறு கிராம்."

"அது இல்லை. எடை எவ்வளவு முன்னால வந்துச்சு?"

"அஞ்சு சென்டிமீட்டர்."

எழுதிக்கொண்டார். எழுந்து பட்டறைக்குள் போனார். வரிசையாக நான்கு விமானத்திலும் சிவப்புக் கோட்டை ஈரத் துணியால் துடைத்தார், தானே அளந்து புதுக் கோடு போட்டார். நான்காவதை முடித்ததும் திரும்பி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

பசைக்காரர் என் சாமான் பெட்டியை நல்ல தோளில் வைத்துக்கொண்டு கேட் வரை வந்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

நான்கும் விழாது. அது போதும் என்று உங்களுக்கு எழுத நினைத்தேன். போதவில்லை அப்பா. ஆறு வருடம் அந்த மேசையில் இருந்தேன். காலையில் எட்டு மணி ஆனதும் கால் அந்தப் பக்கம் போகிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மே 1

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதவில்லை, அதைக் கவனித்தேன்.

கிளம்பி இங்கே வந்துவிடு என்று எழுதச் சொல்கிறான் அண்ணன். நான் அப்படிச் சொல்லவில்லை. வேலை அங்கேதான் கிடைக்கும், நீ அங்கேயே இரு.

நான் வருகிறேன். மே பத்தாம் தேதி காலை வண்டி, மறுநாள் மத்தியானம் வந்து சேரும். நடுவில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அண்ணனுக்கு லீவு இல்லை, தனியாகப் போகாதீர்கள் என்கிறான். போர்டு படிக்கத் தெரியாதே என்கிறான். வாய் இருக்கிறது, கேட்டுக்கொண்டு வருவேன். உன் விலாசத்தை அண்ணி நான்கு தடவை வாசித்தாள், வீட்டு எண்ணிலிருந்து மாடிப் படி வரை எனக்கு மனப்பாடம்.

உன் முதலாளியைப் பார்க்க வரவில்லை. அறிவுரை சொல்லவும் வரவில்லை, என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. அந்தக் கொஞ்சம் கோபம் இருக்கிறது என்றாயே, அதைத் தபாலில் போட வேண்டாம். நேரில் கொடு.

ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, அன்றைக்கு எங்காவது வேலை கேட்டுப் போக வேண்டியிருந்தால் போ. சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் போதும். நான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா